சிவப்பு நகரும் தூரம்

"மிஷினக் கழுவுற வரைக்கும் உக்காருங்க மேடம், சித்த நேரந்தான்" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே தள்ளி விட்டுவிட்டு அச்சு மிஷின்காரர் காளீஸ்வரன் உள்ளே போனார். சிவகாசியில் சித்த நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று பியூலாவுக்குத் தெரியாது. சென்னையில் தெரியும், அங்கே அது ஒரு மதியம் முழுக்க நீளும். வெளியே வெயில் ஷட்டர் வரைக்கும் வந்து நின்றிருந்தது, உள்ளே அச்சு உருளைகளிலிருந்து முருகன் இறங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷக் காலண்டருக்கான முருகன், வேலும் மயிலுமாக, மஞ்சளாகவும் நீலமாகவும் கலங்கிக் கீழே தட்டில் வடிந்துகொண்டிருந்தார். மண்ணெண்ணெய் மாதிரியும் இல்லாத, பெயிண்ட் மாதிரியும் இல்லாத அந்த வாடை பியூலாவுக்குப் பிடிக்கும், கல்லூரி நாளிலிருந்தே பிடிக்கும், ஆனால் இன்றைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் தின்ற இட்லியைக் குற்றம் சொல்ல முடியாது, இட்லி நன்றாகத்தான் இருந்தது. குற்றம் எல்லாம் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு அச்சு பிளேட்டுகளுடையது. இரண்டும் கறுப்பு மைக்கானவை, இரண்டிலும் ஒரே படம், ஒன்றின் மேல் மூலையில் மட்டும் 'தகரம்' என்று பேர் இருக்கிறது, மற்றதில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. எந்த பிளேட்டை வைத்து ஓட்டுவது என்று இன்று சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் பியூலா இல்லை. பியூலா இசைத்தட்டுக்கு அட்டை வரைகிறவள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியவள் அஞ்சுகம். தகரம் என்கிற இசைக்குழுவின் குரல் அவள். அந்தக் குரலுக்கு என்ன ஆனது என்பது தெரிந்த பிறகு தட்டின் பேரைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான், அதையும் வாயால் சொல்லாமல் ஃபோனில் எழுதி அனுப்பினாள். 'தட்டு வரட்டும். ஆனா தகரம் பேர்ல வரணுமா, பேரே இல்லாம வரணுமான்னு அட்டையப் பாத்துட்டு சொல்றேன்.'

அட்டையப் பாத்துட்டு சொல்றேன். ரயிலில் இந்த மூன்று வார்த்தையோடுதான் பியூலா படுத்திருந்தாள், புரண்டால் அதுவும் கூடவே புரண்டது. பாட்டு நன்றாக வந்ததா என்று பார்த்துச் சொல்லலாம், டிரம் சத்தம் தூக்கலாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லலாம், உலகத்தில் எந்தப் பாடகியாவது நான் இன்னும் நானாக இருக்கிறேனா என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்வாளா, சொல்வாள், அஞ்சுகம் சொல்வாள், ஏனென்றால் முதல் அட்டையைப் பார்த்து அவள்தான் சொன்னாள், அன்றைக்கு மட்டும் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பியூலா இந்நேரம் ஏதாவது ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் வரைந்துகொண்டிருப்பாள். வியாசர்பாடியில் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அங்கேதான் குழுவின் நாலு பேரும் பாடிப் பழகினார்கள், கிதார் வாசிக்கிற ரூபனின் மாமா பட்டறை அது. கூரையில் துரு தின்று ஒரு ஓட்டை விழுந்திருந்தது. மதியத்தில் அதன் வழியே வெயில் வட்டமாக இறங்கும், அஞ்சுகம் பாடிக்கொண்டே அந்த வட்டத்துக்குள் போய் நிற்பாள், வட்டம் நகர்ந்தால் அவளும் நகர்வாள். பியூலா அதை வரைந்தாள். கறுப்பில் தகரத்தின் வரிவரியான கோடுகள், நடுவே ஒரு வட்டம், வட்டத்துக்குள் சிவப்பு. அவ்வளவு சுலபம். திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் ஒரே கலர் ஓட்டுகிற சின்ன மிஷினில் முதலில் கறுப்பு, மறுநாள் சிவப்பு. சிவப்பு போய் வட்டத்துக்குள் உட்காரவில்லை. வலப்பக்கமாக நகர்ந்து கறுப்புக் கோடுகளின் மேல் ஏறிக்கொண்டது, இடது ஓரத்தில் வெறும் வெள்ளை ஒரு பிறையாக மிஞ்சிவிட்டது. அன்று சாயங்காலம் வெளியீடு. ரூபன் அட்டைக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா பியூலா இது, குடிச்சிட்டு அடிச்சிட்டானுங்களா" என்று கத்தினான், பியூலா சந்திலேயே நின்று அழுதாள், அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதாள். அஞ்சுகம் மட்டும் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான கீது. உள்ளருந்து எவளோ எட்டிப் பாக்குறா பாரு" என்றாள். அதன் பிறகு அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

சொல்லவில்லை என்பது மட்டுமா, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு சிறுபத்திரிகைக்காரர் அந்தப் பிறையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார், மையத்தில் அமர மறுக்கும் நிறம் என்றெல்லாம், ரூபன் அதை மனப்பாடம் செய்து பேட்டிகளில் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விட்டான். பனியனில் பிறை, ஆட்டோ முதுகில் பிறை, ஒருத்தன் முழங்கையில் பச்சை குத்திக்கொண்டான். இன்னொருத்தன் தோளில் குத்திக்கொண்டான். இருவரும் ஒரு நிகழ்ச்சியில் சந்தித்து, உன் பிறை தடி, என் பிறைதான் ஒரிஜினல் என்று சண்டை போட்டார்கள். இரண்டுமே ஒரிஜினல்தான், அந்தச் சின்ன மிஷின் ஒவ்வொரு தாளிலும் சிவப்பை ஒவ்வொரு தூரம் தள்ளியிருந்தது, ஒரு அட்டை மாதிரி இன்னொரு அட்டை இல்லை. அது தெரிந்த அன்றுதான் பியூலாவுக்குத் தன் வேலை என்னவென்று புரிந்தது. இரண்டாவது ஆல்பத்துக்குச் சிவப்பை வேண்டுமென்றே நகர்த்தினாள், கம்ப்யூட்டரில் நகர்த்தவில்லை, அங்கே நகர்த்தினால் எல்லாத் தாளும் ஒன்று போலப் பல்லை இளிக்கும். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று, ஆள் கையால் நகர்த்தச் சொன்னாள். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் போட்டாள். அட்டையில் யார் முகமும் வரக் கூடாது. மேடையில் நாலு பேரும் தகர நிறம், சாம்பல். சிவப்பு ஒரே இடத்தில்தான், அஞ்சுகத்தின் மைக்கில் சுற்றிய துணி. டிரம் வாசிக்கிற பையன் ஒரு தடவை சிவப்புச் செருப்போடு வந்துவிட்டான், அவனை வெறுங்காலோடு மேடையேற்றினாள். ரூபன் அவளுக்கு ஹெட்மிஸ்டிரஸ் என்று பேர் வைத்தான். கேட்க வந்த கூட்டமும் சாம்பல் சட்டை போட்டு, உடம்பில் ஒரே ஒரு சிவப்போடு வர ஆரம்பித்தது, ஒரு ரப்பர் பேண்டு, ஒரு பொட்டு, ஒரு காது கம்மல். ஒரு குழுவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரிய வேண்டும், காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று மேடைக்குப் பின்னால் நின்று அவள் பெருமைப்பட்டாள். காதைப் பொத்திக்கொண்டால் போதுமா, அஞ்சுகத்துக்குக் குரல் போனால்கூடத் தெரியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பாள்.

"டீ எடுத்துக்கோங்க மேடம்." காளீஸ்வரன் கையைத் துடைத்த துணி சிவப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை, எல்லாமாகவும் இருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செவப்பத் தள்ளி வைக்கணும்னு எழுதியிருக்கீங்கல்ல, அது நெசமாவே தள்ளித்தான் வைக்கணுமா, இல்ல நீங்க ஏதும் மாத்தி எழுதிட்டீங்களா?"

"தள்ளித்தான் வைக்கணும்ணே. எவ்வளவுன்னு மிஷின்ல நின்னு சொல்றேன்."

"இல்ல, கேக்குறேன். இருவது வருசமா நகராம ஒக்கார வச்சுத்தான் சோறு திங்கிறேன். சாமி படத்துல உதட்டுச் செவப்பு உதட்ட விட்டு ஒரு நூலு நகந்துச்சுன்னு வைங்க, முதலாளி என்னைய நகத்திருவாரு. நீங்க என்னடான்னா காசு குடுத்து நகத்தச் சொல்றீங்க." அவர் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை, உண்மையிலேயே மனசு கேட்காத மாதிரி. "சரி, பேரு போட்ட பிளேட்டா, போடாத பிளேட்டா?"

"இப்போதைக்குப் பேர் போட்டத மாட்டுங்க. மாத்த வேண்டியிருந்தாலும் இருக்கும்."

"மாட்டித்தான் வச்சுக்கிடுவோம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். எவ்வளவுன்னு மிஷின்ல நின்னு சொல்றேன். பொய். எவ்வளவு என்று பியூலாவுக்குத் தெரியும், வரைவதற்கு முன்னாலேயே தெரியும். டீ சர்க்கரையாக இனித்தது, அதைக் குடித்துக்கொண்டே அந்த நினைப்பின் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், மூலையில் அடுக்கிய காலண்டர் தாள்களைப் பார்த்தாள், மின்விசிறியில் ஒட்டிய தாள் தூசியைப் பார்த்தாள், கடைசியில் போயே விட்டாள். ஆஸ்பத்திரி. அஞ்சுகத்தின் தொண்டையில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு என்றார்கள், எடுத்தார்கள், கெட்ட கட்டி இல்லை என்றார்கள், எல்லோரும் கும்பிட்டார்கள், நரம்பு ஒன்றில் கொஞ்சம் கத்தி பட்டுவிட்டது, குரல் வரும், ஆனால் பழைய குரலாக வராமல் போகலாம் என்றார்கள், எல்லோரும் கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கட்டுப் பிரித்த அன்று பியூலாதான் கூட இருந்தாள். நர்ஸ் பஞ்சை எடுத்ததும் கழுத்தின் அடியில் அந்தக் கோடு தெரிந்தது, நடுவில் லேசாகத் தடித்து, இரண்டு ஓரத்திலும் மெலிந்து, ஒரு வளைவு. பியூலாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஐயோ பாவம் என்பது இல்லை. நல்ல கோடு என்பதுதான் முதலில் வந்தது. எவ்வளவு நல்ல கோடு. அவள் விரல் தானாக அவள் முழங்காலில் அதை வரைந்துவிட்டது, கட்டிலில் கிடப்பவள் தன் சிநேகிதி என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் டீயைப் பிடித்திருக்கிற கையே வெட்கப்படுகிறது. ஒரு மனுஷிக்கு இன்னொரு மனுஷியின் காயம் கோடாகத் தெரியலாமா. டாக்டருக்குத் தெரியலாம், அவர் போட்டது. உனக்கு?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அஞ்சுகம் ஒரே ஒரு தடவை கூட்டத்துக்கு நடுவே வந்தாள், ரூபன் தனியாக வாசித்த ஒரு நிகழ்ச்சிக்கு. பாட வரவில்லை, முதல் வரிசையில் உட்கார வந்தாள். கழுத்தில் ஒரு சிவப்பு ஸ்கார்ஃப். தழும்பை மறைக்கக் கையில் கிடைத்ததை எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், அவள் வீட்டில் கையில் கிடைக்கிறதெல்லாம் சிவப்பாக இருந்ததற்குக் காரணம் பியூலா போட்ட சட்டங்கள். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூட்டத்தில் பாதிப் பெண்கள் கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃபோடு வந்தார்கள். பியூலா அதைப் படம் எடுத்து அஞ்சுகத்துக்கு அனுப்பினாள், பெருமையாக, பார்த்தியா என்று. பதில் ரொம்ப நேரம் கழித்து வந்தது. 'இன்னா, எல்லாரும் ஆப்பரேஷன் பண்ணிக்கினு வந்துட்டாளுங்களா?' சிரிக்கிற பொம்மை இரண்டு. அதற்குக் கீழே கொஞ்சம் கழித்து இன்னொன்று. 'இனி நா பாடலன்னாலும் இந்தத் துணிய மேடைல தொங்க உட்டா போதும் போல.' அதற்குச் சிரிக்கிற பொம்மை எதுவும் இல்லை. பியூலா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இத்தனை வருஷமாக ஒரு வீடு கட்டிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள், கடைசியில் அதில் குடியிருக்கிறவளே வாசலில் நிற்கிறாள், உள்ளே கூப்பிட ஆளில்லை. அந்த வாரம்தான் அஞ்சுகம் அட்டையப் பாத்துட்டு சொல்றேன் என்று எழுதினாள். அப்படியென்றால் என்ன அர்த்தம், பழைய பிறையே இருந்தால் அது பழைய குரலுக்கு உள்ள பிறை, நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன் என்று அர்த்தமா. பிறையே இல்லாவிட்டால் தகரம் முடிந்துபோனது என்று நீயே சொல்லிவிட்டாய் என்று அர்த்தமா. பேர் இல்லாமல் தட்டு வந்தால் கேட்கிறவர்கள் கேட்பார்கள், யாரோ ஒரு பொம்பளை தொண்டை கட்டிப் பாடுகிறாள் என்று நினைப்பார்கள், தகரம் அத்தோடு ஒரு நல்ல காலத்துப் பேச்சாகிவிடும், ரூபன் கல்யாணக் கச்சேரிக்குப் போவான், பியூலா எங்கே போவாள். ஊறுகாய்க்கு. ஊறுகாயும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அஞ்சுகம் எங்கே போவாள்.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பதிந்த அந்தப் பாட்டுகள். உள்ளே உருளைகள் வெறுமனே சுற்றுகிற சத்தம் கேட்டது, தாள் இல்லாமல், மை இல்லாமல், மிஷின் தொண்டையைச் செருமிப் பார்க்கிற சத்தம், அதைக் கேட்டதும் ஒலிப்பதிவு நாள் வந்து நின்றது. அஞ்சுகம் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடுவேன் என்றாள். பழைய குரல் கூரையில் போய் முட்டும், தகரம் அதிரும், கீழே இருக்கிறவர்களுக்குக் காது கூசும். இந்தக் குரல் மேலே போகவே இல்லை. கீழேயே நடந்தது, நடுநடுவே மூச்சு மட்டும் வந்தது, ஒரு வரியின் பாதியில் கிழிந்து, கிழிந்த இடத்திலிருந்தே மறுபடி எடுத்துக்கொண்டது. முதல் பாட்டு முடிந்ததும் ரூபன் கிதாரை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், வாய் ஓயாத ரூபன். "பியூலா, முன்னாடில்லாம் நம்ம பாட்ட நாலு தெரு தள்ளி நிக்கிறவன் கேப்பான். இது பக்கத்துல ஒக்காந்துக்கினு கேக்குற பாட்டு" என்றான். அவன் சொந்தமாகச் சொன்ன வாக்கியம் அது, எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தது இல்லை. பியூலா அன்றைக்கு வீட்டுக்குப் போய் அட்டையை ஒரே மூச்சில் வரைந்தாள். அதே தகரக் கோடுகள், அதே வட்டம். ஆனால் இந்த முறை சிடி இல்லை, பெரிய இசைத்தட்டுக்கான அட்டை, தட்டு உள்ளே போகிற அளவு சதுரம், வட்டம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். இரண்டு ஆல்பமாக இந்தச் சிவப்பு உள்ளே உட்கார முடியாமல் நிற்கிறது, இந்த முறை எவ்வளவு நகரும் என்று யோசிக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்று முழங்காலில் வரைந்த கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு. யாரிடமும் சொல்லவில்லை. ரூபனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது திருட்டு என்று வாய்விட்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் வெறும் பிறை.

"மேடம், வாங்க வாங்க!" காளீஸ்வரனின் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. எழுந்து போனாள். தாளை மேசையில் விரித்து, நாலு மூலையையும் உள்ளங்கையால் தடவி, லென்ஸை அதன் மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார், தாம்பாளம் நீட்டுகிற மாதிரி. பியூலா குனிந்து பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. கச்சிதமாக. ஒரு மயிரிழை வெள்ளை இல்லை, ஒரு மயிரிழை ஏறவில்லை. இதுவரை யாரும் பார்த்திராத தகரம், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணியில் வந்திருக்க வேண்டிய தகரம். அழகாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். அந்த முழுச் சிவப்பில் எவளும் எட்டிப் பார்க்கவில்லை. "தள்ளி வைக்கச் சொன்னேனேண்ணே" என்றாள்.

"வைக்கத்தான் போனேன். கை போய் தானா ஒக்கார வச்சிருச்சு மேடம், நான் என்ன செய்ய" என்றார் அவர், பாதி வெட்கம், பாதி பெருமை. "இவ்வளவு சுத்தமா மொத ஷீட்டே விழுறது லேசுப்பட்ட காரியமில்ல. வேணும்னா ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. இப்ப நகத்துவோம்."

அவர் பட்டனை அழுத்தினார். மிஷின் ஓடி, ஒரு கட்டுத் தாளைத் துப்பி நின்றது. ஒன்றை உருவிக் காட்டினார். வெள்ளை இப்போதுதான் கண் விழித்தது, முதல் ஆல்பத்துப் பிறை. "போதுமா?" "இன்னும்ணே." மறுபடி ஓடியது. இரண்டாவது ஆல்பத்துப் பிறை. "இப்ப?" "இன்னும்." காளீஸ்வரன் தன் பற்களைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தினார். நாலாவது தாள் வந்தது. பியூலா லென்ஸை எடுக்கவில்லை. லென்ஸ் தேவைப்படவில்லை. நடுவில் தடித்து, இரண்டு ஓரமும் மெலிந்து, அங்கே இருந்தது, அஞ்சுகத்தின் கழுத்து, மேசையின் மேல், ஈரமான மையோடு. இவ்வளவு அப்பட்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. யார் பார்த்தாலும் தெரிந்துவிடும் போல இருந்தது, காளீஸ்வரனுக்கே தெரிந்துவிடும் போல. முதல் தாளை எடுத்துக் காட்டிவிடலாம் என்று தோன்றியது, அந்தக் கச்சிதமானதை, இதுதான் அட்டை என்று, கோபம் வராது, துக்கம் வராது, ஒரு முழு வட்டத்தைப் பார்த்து யார் மனசு புண்படும். இல்லை, இரண்டாவதைக் காட்டலாம், பழகிய பிறை, பத்திரமான பிறை. அப்படிக் காட்டினால் அவள் பார்த்துவிட்டுச் சொல்வது எதைப் பார்த்துச் சொன்னதாகும். பயமாக இருந்தது, ஒரு சிநேகிதியை இழந்துவிடுவோம் என்கிற நேரான பயம். பேசாமல் இந்தக் கோட்டைப் போட்டுவிட்டு அவள் வெளியீட்டு மேடையில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்கும்படி விடுவதைவிட, இங்கேயே திட்டு வாங்கிவிடலாம். "அண்ணே, மிஷின நிறுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டு, வீடியோவில் அஞ்சுகத்தைக் கூப்பிட்டாள்.

எடுக்க மாட்டாள், எழுதுவாள் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள். வீட்டுக்குள்ளேயே ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டிருந்தாள், இந்தக் கத்திரி வெயிலில். "மூஞ்சிய அப்பறம் பாக்கறேன், அட்டையக் காட்டு." அந்தக் கீழ்க் குரல் அச்சுக்கூடத்தில் வந்து விழுந்ததும் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்த காளீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். பியூலா ஃபோனைத் திருப்பித் தாளின் மேல் பிடித்தாள். "கிட்ட எடுத்துனு வா" என்றாள் அஞ்சுகம். கிட்டே கொண்டுபோனாள். "இது என் கழுத்து."

அது கேள்வி இல்லை. "ஆமா" என்றாள் பியூலா. "கேக்காம எடுத்துட்டேன். கட்டுப் பிரிச்ச அன்னிக்கே எடுத்துட்டேன், நீ வலியில கண்ண மூடிக்கிட்டு இருந்த. வேணாம்னா சொல்லு அஞ்சு, சிவப்ப உள்ள தள்ளிரச் சொல்றேன். இவருக்கு அதுல ரொம்ப சந்தோஷம். திட்டறதுன்னா திட்டிடு." பதிலுக்கு மூச்சு மட்டும் வந்தது. இப்போதெல்லாம் அவளுக்குப் பேச்சும் மூச்சும் ஒன்றாகத்தான் வரும், எது எது என்று பிரிக்க முடியாது. பியூலா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள், திட்டு வாங்கும்போது முகத்தையாவது காட்ட வேண்டும் என்று. திரையில் அஞ்சுகம் ஸ்கார்ஃபை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. அவிழ்த்துக் கட்டில் மேல் போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திக் கழுத்தை ஃபோனுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். தழும்பு ஆறி வெளுத்திருந்தது.

"நல்லா பாரு. இது எப்டி கீது?"

"நல்லா ஆறியிருக்கு."

"அத்த கேக்கல. எப்டி கீதுன்னு கேட்டேன். படுத்துனு கீது. நீ நிக்க வெச்சிருக்க."

பியூலா தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். வரைகிறவள், கோட்டுக்காகச் சிநேகிதியையே மறந்தவள், அந்தக் கோடு எந்தப் பக்கம் என்பதைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வருஷமாகச் சிவப்பு பக்கவாட்டில் நகர்கிறது, அதனால் இதுவும் பக்கவாட்டில் நகரும் என்று கை முடிவு செய்துவிட்டது, காளீஸ்வரனின் கை தானாக உட்கார வைத்தது போல. சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது, திருவல்லிக்கேணியில் ஒழுகிய அதே அசிங்கத்தோடு.

"அழாத, ஷீட்ல ஊத்தப் போற. செவப்ப மேல தூக்கச் சொல்லு. வெள்ள அடீல வரட்டும்."

"அண்ணே, பக்கவாட்டுல வேணாம். பழைய எடத்துக்குக் கொண்டாந்துட்டு, அப்படியே மேல தூக்கணும்."

"மேலயா?" காளீஸ்வரன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஏன் மேடம், இன்னைக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துருவீகளா? சரி, எம்புட்டு தூக்க?"

"அத நா சொல்றேண்ணா. நீங்க பாட்டுக்கு தூக்கினே வாங்க" என்றது ஃபோன். அவர் பியூலாவைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், பட்டனுக்குப் போனார். மிஷின் ஓடியது, தாள் வந்தது, பியூலா காட்டினாள். "இன்னும்." ஓடியது. "இன்னும் கொஞ்சம்ணா." ஓடியது. அவள் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிழிந்தது, அவள் அதை லட்சியம் செய்ததாகத் தெரியவில்லை, மிஷின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகக் கத்திக்கொண்டிருந்தாள், ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கத்தி பியூலா கேட்டதே இல்லை. "ஆங், நில்லு! அங்கதான்." காளீஸ்வரன் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாளில் சிவப்பு மேலே ஏறி நின்றது, அதன் அடியில் அந்த வெள்ளைக் கோடு படுத்திருந்தது, கழுத்தின் அடியில் கிடக்கிற மாதிரியே. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து அதைப் பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா ஓட்டிருவேன்" என்றார் காளீஸ்வரன். "பேரு போட்ட பிளேட்டுலயேவா, இல்ல கழட்டிட்டு அந்த மொட்டையா இருக்கத மாட்டவா?"

பியூலா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "அஞ்சு, அட்டையப் பாத்துட்ட. பேர எடுத்துரவா?"

"பேர எடுத்துட்டா, அது யார் கழுத்துன்னு எப்டித் தெரியும்?" என்றாள் அஞ்சுகம்.